ஐஸ் போட்டவர் பெயர்

"உப்பு, டாக்டரய்யா."

"நிச்சயமாத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாதாய்யா? பன்னெண்டு வருசமா பச்சத் தோலுக்கு இதத்தான அள்ளிப் போடுதேன். கல்லுப்பு. நாக்குல வைக்காமலே சொல்லுவேன்."

"ஐஸ் பெட்டியில கல்லுப்புக்கு என்ன வேலை? ஆரு போட்டது இதை?"

கடைசிக் கேள்வியை டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். உப்பு என்று சொன்னவர் பூலோகம். தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்ப்பவர். அவர் மனைவி முத்துப்பேச்சி அடுத்த அறையில் மேஜைமேல் படுத்திருந்தாள். ஐந்து மணிக்கு வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுப்பதாக இருந்தது. நஞ்சுக்கொடி வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, கத்தி வைத்தால் ரத்தம் கொட்டும், கைவசம் ஒரு புட்டி ரத்தம் இல்லாமல் தொடமாட்டேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் புட்டியைத்தான் நான் பரேலிலிருந்து செம்பூர் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். மணி நாலு ஐம்பது. நேரத்தோடு வந்துவிட்டேன் என்ற பெருமையில் வண்டி ஓட்டும்போது போடுகிற கண்ணாடியைக்கூட இன்னும் கழற்றவில்லை.

டாக்டர் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஆடாமல் வைத்த ரத்தம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். அடியில் கறுஞ்சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவு. அந்த வைக்கோல் நிறம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவார்கள், பார்த்துத்தான் கொடுப்போம். இந்தப் புட்டி மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பாக, ரோஜா சர்பத் மாதிரி இருந்தது. புட்டியின் உட்புறத்தில் பனிக்கட்டிச் சில்லுகள் ஒட்டியிருந்தன. நான் அதை வாசலிலேயே பார்த்தேன். சயான் சாலையின் குழிகளில் குலுங்கியதால் கலங்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அழகாக இருக்கிறது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"உப்புக் குளிர்ல ரத்தம் உறைஞ்சு, உடைஞ்சு போயிடுத்து. இதை ஏத்தினா அவளை நானே கொன்னாப்பல." டாக்டர் பாலக்காட்டுக்காரர், கோபத்தில் குரல் இன்னும் தணிந்துவிடும். "கேட்டேனே. உப்பை ஆரு போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பெட்டியில் கட்டியிருந்த அட்டையைப் புரட்டினார். எங்கள் குழுவின் வழக்கம் அது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அட்டை. ஐஸ் போட்டவர், புட்டி கொடுத்தவர், கொண்டுபோனவர், வாங்கிக்கொண்டவர் என்று நான்கு வரி, நான்கு கையெழுத்து. முதல் வரியில் வலமிருந்து இடமாக ஓடும் அரபு எழுத்தில் ஒரு கையெழுத்து இருந்தது.

"இது ஆரோட கையெழுத்து?"

"முகம்மது ஹனீப். குல்பிக் கடைக்காரர். அவர்தான் ஐஸ் போடுவார்."

இவ்வளவுதான் சொன்னேன். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

"நம்ம ஹனீப் பாயா?" என்றார் பூலோகம். முதலில் சிரிக்கிற மாதிரிதான் கேட்டார். பிறகு கையிலிருந்த உப்புக் கல்லைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். அவருக்குத் தமிழே படிக்கத் தெரியாது. ஆனால் அது எந்த எழுத்து என்று தெரிந்தது. பம்பாயில் செப்டம்பர் மாதக் கலவரம் முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

"போ. ஓடு. இன்னொரு புட்டி கொண்டா," என்றார் டாக்டர். "அது வரைக்கும் அவ தாங்குவான்னு எனக்குத் தோணலை. ஆனாலும் போ."

அந்த உப்பைப் போட்டது நான்.

எப்படிப் போட்டேன் என்று சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்தில் கப்பல் வெடித்த அன்று, மருந்து ஓரிடத்திலும் காயம்பட்டவர்கள் வேறோரிடத்திலும் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். யுத்தம் முடிந்து ராணுவம் தள்ளிவிட்ட மோட்டார் சைக்கிள்களில் மூன்று எங்களுக்கு வந்ததும் ஒரு குழு ஆரம்பித்தோம். எல்லாரும் மாட்டுங்காவில் இருக்கிற ஆபீஸ் குமாஸ்தாக்கள். காரியதரிசி வானமாமலை வீட்டு டெலிபோனுக்குத் தகவல் வரும். சீரம், ரத்தம், ஆக்ஸிஜன் முகமூடி, எது கேட்டாலும் கொண்டுபோவோம். ஞாயிற்றுக்கிழமை முறை என்னுடையதும் பஞ்சுவுடையதும்.

வண்டிகள் நின்றது தாராவியின் முகப்பில், ஹனீப் பாயின் குல்பிக் கடைக்குப் பின்னால். இடம் அவர் கொடுத்தது, ஐஸும் அவர் கொடுத்தது. காயல்பட்டினம் பக்கத்து மனிதர். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். குல்பி கடைகிற பெரிய பானையில் கை முழங்கை வரை மூழ்கியிருக்கும். யாராவது வந்தால் அந்தக் குளிர்ந்த கையால் தோளைத் தொட்டுவிட்டு, துள்ளிக் குதிப்பவரைப் பார்த்துச் சிரிப்பார். தகரம் அடித்த மரப்பெட்டியில் மரத்தூள் பரப்பி, ஐஸைச் சீராக உடைத்து அடுக்கி, நடுவில் புட்டிக்கு ஈரத் துணியால் ஒரு கூடு செய்வார். அந்தக் கூடு எங்கள் யாருக்கும் கைவரவில்லை.

ஞாயிறு காலையில் வந்ததும் பத்து அட்டைகளை எடுத்து எல்லாவற்றிலும் முதல் வரியில் கையெழுத்துப் போட்டு ஆணியில் மாட்டிவிடுவார்.

"அவசரம்னு நீங்க வந்து நிப்பீங்க. நான் கையத் தொடச்சிட்டுப் பேனாவத் தேடணும். ஒரு நிமிசம் போயிரும்லா? அந்த ஒரு நிமிசத்துல யாரோ ஒருத்தருக்கு மூச்சுப் போயிரக் கூடாது சாமி."

என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். வேங்கடசுப்ரமணியன் என்ற பெயர் அவர் வாயில் பாதி வழியில் நின்றுவிடும்.

அந்த ஞாயிறு எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. மாட்டுங்காவிலேயே, கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்துக்கு அடுத்த தெருவில் வீடு. பெண் பெயர் ஷ்யாமளா. நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று அம்மா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு வானமாமலையிடமிருந்து தகவல் வந்தது: பரேலில் ஒரு புட்டி வாங்கி ஐந்துக்குள் செம்பூர் சேர்க்க வேண்டும்.

பஞ்சு அங்கேதான் இருந்தான். வண்டி மேல் காலை நீட்டிப் படுத்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.

"நீ போய் ஸோஜி பஜ்ஜி சாப்பிடுடா மாப்பிள்ளை. ரத்தத்தை நான் கொண்டுபோறேன்," என்றான்.

"வேண்டாம். நானே போறேன்."

"ஓ! மோட்டார் சைக்கிள்ல போய் இறங்கணுமோ? கண்ணாடியும் தோல் கையுறையுமா? அந்தப் பொண்ணு பயந்துண்டு உள்ளே ஓடிடப் போறா."

அவன் சொன்னது உண்மை. ரயில்வே ஆபீஸில் பேரேடு பார்க்கிற ஒருவனாக அந்த வீட்டுக்குள் நுழைய எனக்கு விருப்பமில்லை. உயிர் காக்கப் போகிறவன், வழியில் ஐந்து நிமிஷம் ஒதுக்கி வந்திருக்கிறான் என்று அவர்கள் பார்க்க வேண்டும். நெடுநாளாக நான் மனத்தில் எழுதிவைத்திருந்த காட்சி அது. நேரமும் கணக்காக இருந்தது. மூன்றேகாலுக்குப் பரேல், மூன்றே முக்காலுக்குப் பெண் வீடு, நாலேகாலுக்கு மேல் கிளம்பினாலும் ஐந்துக்குள் செம்பூர். இடித்தது ஒன்றே ஒன்று. ஐப்பசி வெயில் தலையைப் பிளந்தது. போன வாரம் இப்படி ஒரு வெயிலில்தான் பஞ்சுவின் பெட்டியில் ஐஸ் கரைந்து, புட்டி வெதுவெதுப்பாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள்.

ஹனீப் பாய் பெட்டியைக் கட்டி முடிக்கும்போது குல்பிப் பானையைச் சுற்றிப் போடுகிற உப்புச் சாக்கு என் கண்ணில் பட்டது.

"பாய், இதுல ரெண்டு கை போட்டா ஐஸ் நிக்குமோல்லியோ?"

"நிக்கும். குல்பிக்கு நிக்கும்." அவர் தலையை ஆட்டினார். "ஆனா இதுக்கு வேண்டாம் சாமி. உப்பப் போட்டா பாலே கல்லாப் போவுது. ரத்தம் என்னத்துக்கு ஆவும்?"

"நடுவில துணி இருக்கே."

"டாக்டர்மாருகிட்டக் கேட்டுட்டுப் போடுங்க. ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"பரேல்ல கேட்டுக்கறேன்," என்றேன்.

முன் பக்கத்தில் யாரோ குல்பி கேட்டுக் குரல் கொடுத்தார்கள். அவர் போனார். நான் மூடியைத் திறந்து இரண்டு கை அள்ளிப் போட்டேன். பிறகு இன்னொரு கை. ஆணியிலிருந்து ஒரு அட்டையை உருவிப் பெட்டியில் கட்டினேன். பஞ்சு அந்தப் பக்கம் திரும்பிக் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தான்.

பரேலில் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்வார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏன் கேட்கவில்லை? ஜன்னல் வழியாகப் புட்டியைக் கொடுத்தவர் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. குழுவின் பெட்டி என்றால் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பெண் வீட்டில் எல்லாம் நான் எழுதிவைத்திருந்த மாதிரியே நடந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உள்ளே போனேன். பெட்டியை வாசலில் வைத்தால் வெயில் படும் என்று சொல்லிக் கூடத்திலேயே வைத்தேன். எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள்.

"என்ன மாப்பிள்ளை, ஆர்மோனியமா?" என்றார் பெண்ணின் அப்பா.

"இல்லை மாமா. ரத்தம். செம்பூர்ல ஒரு பிரசவக் கேஸ்."

"சிவ சிவா!" என்று ஷ்யாமளாவின் அம்மா ஸோஜித் தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள். எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்காமல், "எப்பேர்ப்பட்ட காரியம்! இந்தக் காலத்துப் பசங்களுக்கு யாருக்கு இது தோணறது?" என்றார். முன்னமே வந்து உட்கார்ந்திருந்த என் அம்மா என்னைப் பெருமையோடு பார்த்தாள்.

காப்பி கொண்டுவந்த ஷ்யாமளா பெட்டி பக்கத்தில் நின்றாள். அதன் தகர விளிம்பில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. நான் அந்தப் பெட்டிகளை ஒரு வருஷமாகப் பார்க்கிறேன், வெளியே வியர்க்கும், ஒருநாளும் பனி பூத்தது கிடையாது. அவள் ஒரு விரலால் தொட்டு, சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"சுடறாப்பல ஜில்லுன்னு இருக்கு," என்றாள். பிறகு, யாரிடம் கேட்கிறோம் என்ற யோசனையே இல்லாமல் கேட்டாள்: "இது யாரோட ரத்தம்?"

"தெரியாது. யாராவது கொடுத்திருப்பா."

"யாருக்குப் போறது?"

அட்டையில் அது எழுதுவதில்லை. எனக்கும் தெரியாது. "யாரோ ஒரு பொம்மனாட்டி," என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அந்தக் கேள்விகளுக்காகவே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. நாலு இருபதுக்கு எழுந்தேன். பெண்ணின் அப்பா வாசல்வரை வந்து வழியனுப்பினார். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி வண்டியைச் சாய்த்து ஓட்டும்போது, தூர தேசத்துக் கதை ஒன்றில் குதிரைமேல் போகிறவன் மாதிரி எனக்குத் தோன்றியது.

இரண்டாவது புட்டியோடு நான் செம்பூர் திரும்பியபோது மணி ஆறரை. இந்த முறை பரேலிலேயே ஐஸ் கேட்டு வாங்கினேன். புட்டியில் வைக்கோல் நிறம் நன்றாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசற்படியில் பூலோகம் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு குழந்தை அழுதது. ஒரே ஒரு நிமிஷம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

"பொட்டப் புள்ள," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "ரத்தம் வார வரைக்கும் பொறுக்க முடியாதுன்னு கீறி எடுத்துட்டாங்க. ஆத்தா போயிட்டா. ஆறு பத்துக்கு."

என் கையில் பெட்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து, தன் தோளிலிருந்த துண்டால் படியைத் தட்டினார்.

"உக்காருங்க அய்யா. ரெண்டு தரம் ஓடிட்டு வந்திருக்கிய. மூஞ்சி செத்துப் போச்சி. நீங்க என்ன செய்வீங்க? செஞ்சவன் வேற."

நான் உட்கார்ந்தேன். ஒரு தண்ணீர்ச் செம்பு வந்தது. குடித்தேன்.

"இந்த ஒரு மாசமா அவளுக்கு வாயெல்லாம் கசப்பு," என்றார். "சோறு எறங்காது. எனக்குக் கஞ்சி கொண்டாரப்ப அந்தக் கடைல நின்னு ஒரு குல்பி தின்னுட்டு வருவா. தினம். தங்கச்சி தங்கச்சின்னு குடுப்பான் அவன். அந்தக் கையாலயே இதையும் செஞ்சிருக்கான் பாருங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். அங்கே எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. சொல்வதற்கு வேண்டிய சொற்கள் நான்கோ ஐந்தோதான். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை வானமாமலை வீட்டில் குழு கூடியது. கூட்டத்தில் நடப்பதை நோட்டில் எழுதுவது எப்போதும் நான்தான், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால்.

"எனக்கு ஜாதி மதம் எல்லாம் கிடையாது. உங்களுக்கே தெரியும்," என்று வானமாமலை ஆரம்பித்தார். "ஆனா ஒரு பொம்மனாட்டி போயிட்டா. அட்டையில கையெழுத்து இருக்கு."

"ஹனீப் பாய் அப்படிச் செய்ய மாட்டார் சார்," என்றான் பஞ்சு. "பதினைஞ்சு வருஷமா குல்பி போடறவர். உப்பு போட்டா உறையும்னு அவருக்குத் தெரியாதா? தெரியாதவன்தான் அந்தத் தப்பைப் பண்ணுவான்."

வானமாமலை கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியில் துடைத்தார்.

"நீ சொல்றதைத்தான் நானும் யோசிக்கறேன் பஞ்சு. தெரியாம நடந்திருக்க முடியாது. அப்போ தெரிஞ்சுதானே நடந்திருக்கு?"

பஞ்சு என்னைப் பார்த்தான். அன்று கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தவன் ஏதாவது பார்த்திருந்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"வெங்கு, நீதானே பெட்டியை எடுத்துண்டு போனே. நீ சொல்லு. நீ ஏதாவது கவனிச்சியா?" என்றார் வானமாமலை.

"கவனிக்கலை," என்றேன்.

இதுதான் என்னுடைய முதல் பொய். அதுவரை சொன்ன உண்மைகளைவிட அது எளிதாக இருந்தது. இனி முகம்மது ஹனீபிடம் ஐஸ் வாங்குவதில்லை, வண்டிகளை மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் மாற்றுவது என்று வானமாமலை சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். ஹனீப் பாயின் பெயரை இரண்டு இடத்தில் எழுத வேண்டியிருந்தது. எழுத்து வழக்கம்போல நன்றாகவே வந்தது.

அதற்கு அடுத்த நாள் பெண் வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. "பொண்ணோட அப்பாவுக்கு அந்தப் பெட்டி விஷயம் ரொம்பப் பிடிச்சுப் போச்சாம்டா," என்றாள் அம்மா. தை மாதம் கல்யாணம் என்று பேச்சு. வழியில் ஷ்யாமளாவின் அப்பாவைப் பார்த்தபோது, "அந்தப் பிரசவக் கேஸ் என்னாச்சு மாப்பிள்ளை? ஷ்யாமா தினம் கேக்கறா," என்றார். "குழந்தை சௌக்கியம்," என்றேன். அதுவும் உண்மைதான்.

தாராவிச் செய்திகள் பஞ்சு மூலமாக வந்தன. பூலோகம் வேலை பார்க்கிற தோல் ஷாப்பு ஆட்கள் ஹனீப் பாயிடம் யாரும் வாங்குவதில்லை. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை. ரத்தத்தில் விஷம் கலந்தவன் என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் சேர்ந்து பானைகளைப் போட்டு உடைத்துவிட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதில்தான் சொன்னாராம்: "பெட்டியக் கட்டுனது நாந்தான். உப்பு நான் போடலை." பிறகு யார் போட்டது என்று கேட்டால், "அது போட்டவங்க சொல்லுவாங்க," என்றாராம்.

"அது யாருடா, போட்டவங்க?" என்றான் பஞ்சு.

எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன்.

தூக்கத்தில் எனக்கு அந்த உப்பு வரவில்லை, முத்துப்பேச்சியும் வரவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்ததே கிடையாது. வந்தது அந்த ஆணிதான். அதில் மாட்டியிருந்த மற்ற ஒன்பது அட்டைகள்.

பதினைந்தாம் நாள், அதுவும் ஒரு ஞாயிறுதான், மாலை நாலு மணிக்கு ஸ்டேஷன் பக்கத்துப் புது ஷெட்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. ஹனீப் பாய் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, கரை வைத்த கைலி. கைகள் உலர்ந்திருந்தன. அவர் கைகளை உலர்ந்து நான் பார்த்ததேயில்லை.

"எப்படி இருக்கிய சாமி?"

"பாய்... வாங்கோ."

அவர் உள்ளே வரவில்லை. சட்டைப் பையிலிருந்து சிறு கட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். நூலில் கோத்த ஒன்பது அட்டைகள். ஒவ்வொன்றிலும் முதல் வரியில் அவர் கையெழுத்து.

"ஆணியில கெடந்துது. என் கடைல இதுக்கு இனி சோலி இல்லைலா? கிழிச்சுப் போடலாம்னு பாத்தேன். ஒங்க சாமானு, ஒங்க கைல குடுத்திரணும்னு கொண்டாந்தேன்."

வாங்கிக்கொண்டேன்.

"கல்யாணம் முடிவாயிட்டுன்னு பஞ்சு சொன்னாரு. சந்தோசம்."

"ம்."

"அன்னிக்கு நீங்க அந்த அவசரத்துலதான் இருந்தீங்க. எனக்குத் தெரியும்." அவர் வண்டியின் டாங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார், குரலில் கோபமே இல்லை. "மொத நாளு நான் என்ன நெனச்சேன் தெரியுமா? சாமி ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருப்பாரு, படிச்சவரு, அவருக்கு என்ன பயம்னு நெனச்சேன். பொறவு, கூட்டத்துல சொல்லுவாருன்னு நெனச்சேன். பானைய ஒடச்சப்பகூட, சரி, சாமிக்கு இன்னும் தெரிஞ்சிருக்காது, தெரிஞ்சா ஓடி வருவாருன்னுதான் எங்க வீட்ல சொன்னேன். சுலைகா சிரிச்சா. எம் பொஞ்சாதி. ஒம்ம சாமி வரட்டும், நானும் பாக்கேன்னா."

ஸ்டேஷனில் ரயில் ஒன்று நின்று கிளம்பியது. கூட்டம் எங்களைக் கடந்து போனது. எனக்குத் தெரிந்த ஒருவர் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

"பாய், பானை எல்லாம் நான் வாங்கித் தந்துடறேன்," என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று காதில் விழுந்தது.

"பானை கெடக்கட்டும்." அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "பெரிய எடத்துல சொல்லுங்கன்னு நான் கேக்கலை. ஒங்க வானமாமலைகிட்ட வேண்டாம். பொண்ணு வீட்டுக்குத் தெரிய வேண்டாம். டாக்டருக்கும் வேண்டாம். எனக்கு அவுங்க யாரையும் தெரியாது. பூலோகத்தத் தெரியும். அந்தத் தங்கச்சியத் தெரியும். கடைசி மாசம் பூராவும் அது தின்னது என் கையால. செத்துப் போச்சின்னு கேட்டு ஓடினேன், தெரு மொனையிலயே நிப்பாட்டிட்டாங்க. மூஞ்சியப் பாக்க விடலை."

அவர் கை, பழக்கத்தில், என் தோளுக்கு வந்தது. நான் துள்ளவில்லை. கை சூடாக இருந்தது.

"நாளைக்குப் பதினாறாம் நாளு. நான் போவணும் சாமி. தனியாப் போனா உள்ள விட மாட்டாங்க. நீங்க எங்கூட வாங்க. நெறயப் பேச வேண்டாம். நான் வாசல்ல நிக்கேன், நீங்க உள்ள போயி உப்பு யாரு போட்டதுன்னு பூலோகத்துகிட்ட மட்டும் சொல்லுங்க. அவரு அந்தப் பச்சப் புள்ளய ஒருக்க என் கைல குடுத்தாப் போதும். வாரீங்களா?"